தப்பான விடைக்கு நாலு மார்க்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் விக்டோரியா பதினோரு வருடமாகச் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறாள். கடைசல் இயந்திரத்திலிருந்து இறங்கி வரும் இரும்பு வளையங்களை வெர்னியர் அளவுகோலால் அளந்து, நல்லதை ஒரு தட்டிலும் கழிவை இன்னொரு தட்டிலும் போடுவதுதான் வேலை. ஆனால் வெர்னியரை எடுப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். வளையத்தை உள்ளங்கையில் ஒரு சுற்று உருட்டி, "இது தடியாக்கீது" என்பாள். அளந்து பார்த்தால் ஒரு முடியளவு கூடத்தான் இருக்கும். பேக்கிங்கில் இருக்கும் பூவம்மாள் இதை வைத்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் பந்தயம் கட்டி நிறைய டீ குடித்திருக்கிறாள்.

அப்படிப்பட்ட விக்டோரியா இருபத்திரண்டு வருடமாக ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நமக்குக் கணக்கு வராது. படிவம் நிரப்பச் சொன்னாலும், சர்ச் பிக்னிக்குக்கு எத்தனை கிலோ அரிசி என்று கேட்டாலும் முதலில் இந்த வாக்கியம் வரும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எத்தனை கிலோ என்பதையும் சொல்லிவிடுவாள். இரண்டுக்கும் உள்ள முரண்பாடு அவளுக்கும் தெரியவில்லை, கேட்டவர்களுக்கும் தெரியவில்லை.

அந்த வாக்கியம் அவள் பத்தாம் வகுப்பு படித்தபோது வந்தது. அரையாண்டுத் தேர்வில் ஒரு வயதுக் கணக்கு கேட்டிருந்தார்கள். அப்பாவின் வயது மகனுடையதைப் போல மூன்று மடங்கு; பன்னிரண்டு வருடம் கழித்து இரண்டு மடங்கு; இப்போது இருவரின் வயது என்ன? விக்டோரியா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு முப்பத்தாறு, பன்னிரண்டு என்று எழுதி அடிக்கோடு போட்டாள். வேறு எதுவும் எழுதவில்லை. விடைத்தாள் கொடுத்த நாளில் கணக்கு வாத்தியார் அவளை எழுப்பி நிறுத்தி, யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டார். மனசிலேயே போட்டேன் சார் என்றாள். வகுப்பே சிரித்தது. விடைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெரிய பூஜ்யம் இருந்தது.

அன்றிலிருந்து அவள் கணக்கை யோசிப்பதை விட்டுவிட்டு நோட்ஸில் இருந்த வரிகளை மனப்பாடம் செய்யத் தொடங்கினாள். பொதுத்தேர்வில் ஒரு கணக்கின் தலையும் இன்னொன்றின் வாலும் ஒட்டிக்கொண்டன. தமிழில் எழுபத்துநான்கு, சமூக அறிவியலில் அறுபத்தெட்டு, கணக்கில் இருபத்தெட்டு. தவறியது கணக்கில் மட்டும்தான். மறுதேர்வுக்குப் பணம் கட்டு என்று அவளுடைய அப்பா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அவள் கட்டவில்லை. பிறகு கல்யாணம், பொன்னேரி பக்கத்து ஆரணியில் குடித்தனம், மகள் ஸ்நேகா, கம்பெனி வேன் என்று வாழ்க்கை தன் வழியில் போனது.

போன வருடம் அக்டோபரில், பத்தாவது படித்துக்கொண்டிருந்த ஸ்நேகா காலாண்டுத் தேர்வுக் கணக்குத் தாளை டிவிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரவேண்டிய கடைசி நாளுக்கு முந்தின நாள் வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். நூற்றுக்குப் பத்தொன்பது. முதல் ஷிப்ட் முடித்து மூன்றரை மணிக்கு வீடு வந்திருந்த விக்டோரியா, திட்டுவதற்காகத்தான் தாளைப் பிரித்தாள். ஐந்து மார்க் கணக்கு ஒன்றில் கண் நின்றது. உருளை வடிவ டம்ளர் ஒன்று. உயரம் எட்டு சென்டிமீட்டர். முந்நூற்று எட்டு கன சென்டிமீட்டர் தண்ணீர் பிடிக்கும். அதன் ஆரம் என்ன? ஸ்நேகா அரைப் பக்கத்துக்கு எழுதி, கடைசியில் முப்பத்தைந்து சென்டிமீட்டர் என்று கட்டம் போட்டிருந்தாள்.

விக்டோரியா எழுந்து போய்ச் சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து மகள் முன்னால் வைத்தாள்.

"இது ஒரு எட்டு சென்டிமீட்டர் ஒசரம் இருக்கும். நீ ஆரம் முப்பத்தஞ்சு போட்டுக்கிற. அப்போ அகலம் எழுவது. இது டம்ளராடி, தாம்பாளமா?"

ஸ்நேகா டம்ளரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உண்மையான வியப்போடு சொன்னாள்: "கணக்குல யாருமா டம்ளர பாக்குறாங்க?"

விக்டோரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டம்ளரின் வாயில் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வைத்துப் பார்த்து, அகலம் ஏழு, அப்படியானால் ஆரம் மூன்றரை என்றாள். ஸ்நேகா தாளை வாங்கிச் சரிபார்த்தாள். ஆரத்தின் வர்க்கம் பன்னிரண்டே கால் என்பது வரைக்கும் சரியாக வந்து, வர்க்கமூலம் எடுக்கும்போது புள்ளியைத் தொலைத்திருந்தாள். அம்மா விரலால் அளந்த மூன்றரைதான் விடை.

அப்போதுதான் விக்டோரியா ஓரத்தில் இருந்த சிவப்பு மையைக் கவனித்தாள். ஐந்துக்கு நான்கு என்று இருந்தது. விடை தப்புதானே என்று கேட்டாள். தப்புதான் என்றாள் மகள். அப்புறம் எப்படி நாலு மார்க் என்று கேட்டதற்கு, "ஸ்டெப்பு கரீட்டா கீதுமா, ஸ்டெப்புக்குத்தான் மார்க்கு" என்று பதில் வந்தது.

தப்பான விடைக்கு நாலு. சரியான விடைக்குப் பூஜ்யம். விக்டோரியா கையெழுத்துப் போட்டாள். ஆனால் மகளிடம் தரவில்லை. நாளைக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

கணக்கு டீச்சர் அருணா பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். வயது இருபத்தெட்டு இருக்கும். ஆரணிப் பள்ளியில் அது அவருக்கு மூன்றாவது வருடம். பத்தாம் வகுப்பு தேர்ச்சி விகிதம் குறைந்தால் முதலில் கூப்பிடப்படுவது கணக்கு டீச்சர்தான் என்பதால், பெற்றோர் யாராவது வந்தாலே அவர் மதிப்பெண் பட்டியலை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்வார். வந்தவர்கள் வழக்கமாக இரண்டு வகை. பிள்ளையை அடிங்க மிஸ் என்பார்கள். அல்லது எப்படியாவது பாஸ் போட்டுவிடுங்கள் என்பார்கள். நீல நிறக் கம்பெனிச் சட்டையோடு வந்த இந்த அம்மா, என் பொண்ணுக்கு ஏன் இவ்வளவு மார்க் அதிகமாகப் போட்டீர்கள் என்று கேட்டபோது அருணாவுக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை.

விக்டோரியா தன் கதையை முழுவதுமாகச் சொன்னாள். அருணா கேட்டுக்கொண்டார். திருத்துகிறவருக்கு எழுதினவரின் மனசு தெரியாது, தாளில் இருப்பதுதான் தெரியும், அதனால்தான் வழிக்கு மார்க் என்று விளக்கினார். விக்டோரியா அதை ஏற்றுக்கொண்டாலும் விடவில்லை.

"தெரியலன்னா கேக்கலாம்ல மிஸ். எப்டி போட்டன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவரு யாரப் பாத்து எழுதினன்னுதான கேட்டாரு."

அது அந்த வாத்தியார் செய்த தப்புதான் என்றார் அருணா. அதற்கப்புறம் ஒரு காரியம் செய்தார். "இப்போ நான் கேக்கிறேன். எப்படிப் போட்டீங்க?"

இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி வந்தது. விக்டோரியா யோசிக்கவே இல்லை. அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் எந்தக் காலத்திலும் மாறாது. இப்போது அப்பன் மூன்று மடங்கு என்றால் அந்த வித்தியாசம் பிள்ளையின் வயதைப் போல இரண்டு மடங்கு. பன்னிரண்டு வருடம் கழித்து அப்பன் இரண்டு மடங்கு என்றால் அதே வித்தியாசம் பிள்ளையின் வயதுக்கே சமம். அப்படியானால் அந்தப் பன்னிரண்டு வருடத்தில் பிள்ளையின் வயது இரட்டிப்பாகியிருக்கிறது. இரட்டிப்பாகப் பன்னிரண்டு வருடம் ஆனால் இப்போது வயது பன்னிரண்டு.

அருணா அதை ஒரு காகிதத்தில் நான்கு வரியாக எழுதிக் காட்டினார். எக்ஸ் இல்லை, சமன்பாடு இல்லை. "இதுதான் ஸ்டெப். இப்போ வாயால சொன்னீங்களே, அதை அப்படியே எழுதியிருந்தா அஞ்சுக்கு அஞ்சு." அந்தக் காகிதத்தின் ஓரத்தில் அதையும் எழுதினார். பிறகு, தனித்தேர்வராக இந்த வருடமே எழுதலாமே என்று சொன்னார். விக்டோரியா சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டு வந்தாள். மகளும் தானும் ஒரே வருடம் பரீட்சை எழுதினால் ஊரே சிரிக்கும் என்பது அவள் சொன்ன காரணம்.

அந்த எண்ணத்தை மாற்றியது கம்பெனியில் அதே செக்கிங் பிரிவில் இருந்த மணிகண்டன் என்கிற பையன். முந்தின ஷிப்ட் முடித்துப் போகிறவர்கள் பதிவேட்டில் குறிப்பு எழுதிவிட்டுப் போகவேண்டும். நவம்பரில் ஒரு நாள் மணிகண்டன் ஒரே தொகுப்பாக வந்த ஒரு முழு லாட்டுக்கு எதிரே 'ஓகே' என்று மட்டும் எழுதிவைத்திருந்தான். விக்டோரியா எடுத்துப் பார்த்தால் அதில் பாதிக்குமேல் சந்தேகம். அவன் இன்னும் வேனில் ஏறவில்லை. கூப்பிட்டு நிறுத்தினாள்.

"ஓகேன்னா இன்னா ஓகே? எத்தினி பீஸ் அளந்த? எதால அளந்த? இன்னா ரீடிங் வந்துது? எல்லாத்தையும் மனசுலயே வச்சிக்கினு நீ ஊட்டுக்குப் போயிட்டா, பின்னால வர்றவ இன்னாத்த பாத்து..."

அத்தோடு நின்றுவிட்டாள். 'மனசிலேயே' என்பது பத்தாவதில் அவளே சொன்ன வார்த்தை. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். திட்டு வாங்கத் தயாராக நின்ற மணிகண்டனுக்குச் சிரிப்புதான் பயத்தைக் கொடுத்தது. அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று செக்கிங் பொறுப்பாளர் ஆதிநாராயணனைக் கூப்பிட ஆள் அனுப்பினான். அவர் வருவதற்குள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையனுக்கு ஒவ்வொரு ரீடிங்கையும் எப்படி எழுதவேண்டும் என்று அமைதியாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் பூவம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பூவம்மாளுக்கு நாற்பத்துநான்கு வயது. அவளும் பத்தாவதில் தவறியவள். கணக்கு, இங்கிலீஷ் இரண்டிலும். சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னது இதுதான்: "அப்போ நீ எழுது. நீ பாஸாயிட்டா அடுத்த வருசம் நானும் எழுதறேன்." மறுநாள் விக்டோரியா விண்ணப்பம் போடும் இடத்தை விசாரித்தாள்.

வீட்டில் பாடம் ஐந்து மணிக்குத் தொடங்கும். அம்மாவும் மகளும் ஒரே புத்தகத்தைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்நேகாவுக்கு எல்லாச் சூத்திரமும் தெரியும். வந்த விடை ஆட்டோ அளவா ஆனை அளவா என்று தெரியாது. விக்டோரியாவுக்கு அளவு தெரியும். அதற்குப் போகும் பாதையை எழுதத் தெரியாது. அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். கணக்கைத் தொடங்குவதற்கு முன்னால் விடை ஏறக்குறைய எவ்வளவு இருக்கும் என்று ஸ்நேகா சொல்லவேண்டும். முடித்த பிறகு ஒவ்வொரு வரியும் ஏன் வந்தது என்று விக்டோரியா சொல்லவேண்டும்.

முதல் பத்து நாள் ஸ்நேகா எரிந்து விழுந்தாள். பேஜாரு பண்ணாதமா என்றாள். அப்புறம் அந்த விளையாட்டு அவளுக்குப் பிடித்துப்போனது. கோபுரத்தின் உயரம் காணும் கணக்கில் நாலாயிரம் மீட்டர் வந்தபோது அவளே தலையில் அடித்துக்கொண்டு, "செல்போன் டவரே நம்ப ஊர்ல இம்மாந்தான் கீது" என்று அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.

விக்டோரியாவுக்கும் இடறல்கள் இருந்தன. அணிகளைப் பெருக்கும்போது எந்த நிரையை எந்த நிரலோடு பெருக்குவது என்பது கடைசிவரை பிடிபடவில்லை. எக்ஸின் மூன்றாம் படி வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பாள். ஆனால் வடிவியலில் காம்பஸைக் கையில் எடுத்தால் ஸ்நேகா வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பாள். தொடுகோடு வட்டத்தை மயிரிழையில் தொட்டுக்கொண்டு போகும்.

ஒரு மார்க் கேள்விகளைச் சின்னராசு ஏற்றுக்கொண்டான். விக்டோரியாவின் கணவன், ஆரணிக்கும் பொன்னேரிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். விக்டோரியாவுக்கு வாரவிடுமுறை என்றால் அவளை முன்சீட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வான். சவாரி நிரம்பும்வரை வினா வங்கியைப் பிரித்து, ஒரு கேள்வியையும் நான்கு விடைகளையும் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் கூவுகிற ராகத்திலேயே படிப்பான். டேன் தீட்டா அவன் வாயில் டான் தீட்டாவாகி, தாதா பெயர் மாதிரி ஒலித்தது. பின்சீட்டில் இருந்த காலேஜ் பெண்கள் சிரித்துவிட்டு விடை சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு நாள் மீன் கூடையோடு ஏறிய அம்மாள் ஒருத்தி, எனக்கும் ஒண்ணு கேளு என்றாள். பதினைந்து சதவீதம் தள்ளுபடிக் கணக்கைக் கேட்டான். அவன் நான்காவது விடையைப் படித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

பள்ளியிலும் ஒரு சின்ன மாற்றம் நடந்தது. அருணா தன் வகுப்புத் தேர்வுகளில் ஒவ்வொரு பெரிய கணக்குக்கும் ஒரு மார்க்கை 'உத்தேசம்' என்று தனியாக ஒதுக்கினார். கணக்கைத் தொடுவதற்கு முன் விடை எவ்வளவு இருக்கும் என்று எழுதி ஒரு காரணம் சொல்லவேண்டும். பொதுத்தேர்வில் இதெல்லாம் கிடையாது என்று அவரே வகுப்பில் சொல்லிவிட்டார். ஆனாலும், அதுவரை வெற்றுத்தாளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்த ஒரு மார்க்குக்காகப் பேனாவைத் திறந்தார்கள். திறந்த பேனா இரண்டு வரி கூடுதலாகவே எழுதியது. நெல் வயலில் பம்ப்செட் ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைகள் தொட்டிக் கொள்ளளவைச் சொல்வதில் டீச்சரையே தோற்கடித்தார்கள். அரையாண்டில் ஸ்நேகா நாற்பத்தொன்று வாங்கினாள். இந்த முறை தாள் டிவிக்கு மேலே இருந்தது.

கணக்குப் பரீட்சையன்று வீட்டில் இரண்டு பேர், ஒரு ஆட்டோ, இரண்டு ஊர்கள். ஸ்நேகாவுக்கு மையம் ஆரணியிலேயே, விக்டோரியாவுக்குப் பொன்னேரியில். சின்னராசு காலையிலேயே ஆட்டோவைக் கழுவி, நாஷ்டாவைக் கட்டி வாங்கிவந்து, இருவரையும் ஏற்றிக்கொண்டான். மகளை இறக்கிவிட்டபோது ஒரு வேடிக்கை நடந்தது. தைரியமா எழுது என்று அம்மா சொல்ல வாயெடுப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்: "மா, தெரிஞ்சாலும் ஸ்டெப்ப எழுது. மறந்துடாத."

பொன்னேரியில் வாசலில் நின்ற காவலர், பெற்றோரெல்லாம் வெளியே மரத்தடியில் இருங்க என்று கை காட்டினார். விக்டோரியா நுழைவுச்சீட்டை நீட்டினாள். அவர் படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், நகர்ந்து வழிவிட்டார். போகும்போது, எங்க வீட்டுக்காரிக்கும் கணக்குதாம்மா நிக்குது என்று மெல்லச் சொன்னார்.

அறையில் அவளைச் சுற்றிப் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். வினாத்தாளின் முதல் பக்கத்தை இரண்டு முறை படித்தும் ஒன்றும் ஏறவில்லை. ஒரு மார்க் கேள்விகளைச் சின்னராசுவின் ராகத்தில்தான் அவளால் படிக்க முடிந்தது. சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் பயம் போய்விட்டது. வேகமும் நேரமும் கலந்த ஐந்து மார்க் கணக்கு ஒன்று வந்தது. படித்து முடிப்பதற்குள் விடை தெரிந்துவிட்டது. பேனா அதை எழுதத் துடித்தது. அவள் விடையை ஓரத்தில் பென்சிலால் சின்னதாகக் குறித்துவைத்துவிட்டு, அடுத்த ஷிப்ட் ஆளுக்குப் பதிவேடு எழுதுவதைப் போல, எங்கிருந்து என்ன எடுத்தேன், எதோடு எதைச் சேர்த்தேன் என்று வரிவரியாக எழுதினாள். பதினொரு வரி வந்தது. கடைசி வரியும் பென்சில் குறிப்பும் ஒன்றாக இருந்தன.

வடிவியலுக்கு வந்தபோது அவளுடைய ஸ்கேலின் ஓரம் தேய்ந்திருப்பதைக் கவனித்தாள். பூஜ்யத்திலிருந்து அளந்தால் தப்பாகும். தொழில் பழக்கத்தில் ஒன்றிலிருந்து தொடங்கி அளந்தாள். கண்காணிப்பாளர் அந்தப் பக்கமாக வந்தபோது தொடுகோட்டைப் பார்த்து நின்றுவிட்டார். ஒன்றும் சொல்லக் கூடாது என்பதால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அணிக் கணக்கைத் தொட்டு, வழக்கம்போல் குழப்பி, விட்டுவிட்டாள். அதற்காக அவள் வருத்தப்படவில்லை.

மே மாதத்தில் முடிவு வந்த காலையில் அவள் வேலையில் இருந்தாள். செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஸ்நேகா அம்மாவுக்குப் பத்து முறை போன் போட்டுப் பார்த்துவிட்டு ஆதிநாராயணனுக்குப் போட்டாள். அவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, இயந்திரச் சத்தத்துக்கு நடுவே நடந்துவந்து, விக்டோரியாவின் மேஜையில் இருந்த பதிவேட்டை எடுத்தார். பேசினால் கேட்காது. அன்றைய தேதிக்கு நேரே இரண்டு எண்களை எழுதிக் காட்டினார். ஸ்நேகா 61. விக்டோரியா 68.

அவள் அந்த எண்களைப் படித்தாள். இரண்டாவதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கத்தை மறைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, மீதி இருந்த வளையங்களை அளக்க ஆரம்பித்தாள். டீ நேரத்துக்குள் விஷயம் கம்பெனி முழுவதும் பரவிவிட்டது. மணிகண்டன்தான் முதலில் கைகொடுத்தான். வீட்டில், தன்னைவிட ஏழு மார்க் அதிகம் என்று ஸ்நேகா மாலை முழுவதும் மூஞ்சியைத் தூக்கிவைத்திருந்தாள். ஆனால் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் அம்மாவின் மார்க்கைத்தான் முதலில் சொன்னாள். சின்னராசு அன்று ஆட்டோவில் ஏறிய எல்லாருக்கும் லட்டு கொடுத்தான். அருணாவுக்குக் கொடுக்க ஒரு டப்பாவோடு அவர்கள் மூவரும் போனபோது, டீச்சர் விக்டோரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னோட தேர்ச்சி விகிதத்துல உங்கள சேக்க முடியலயே என்று சிரித்தார்.

ஜூன் மாதத்திலிருந்து விக்டோரியா கம்பெனியில் லைன் இன்ஸ்பெக்டர், செக்கிங் வேலைக்கு ஒரு படி மேல். பத்தாவது பாஸ் செய்தவர்களுக்கு மட்டுமே இருந்த அந்த இடத்துக்கு ஆதிநாராயணனே அவள் பெயரை எழுதிக் கொடுத்தார்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை விக்டோரியாவும் பூவம்மாளும் பொன்னேரி சேவை மையத்தில் வரிசையில் நின்றார்கள். பூவம்மாள் புதுப் புடவை கட்டியிருந்தாள். படம் எடுக்கவேண்டியிருக்குமே என்பது காரணம். கணினிக்கு முன்னால் இருந்தவர் எந்தெந்தப் பாடம் என்று கேட்டார்.

"கணக்கு, இங்கிலீஷ்" என்றாள் பூவம்மாள். "கணக்குக்குப் பயமில்ல சார், இவ கீறா. இங்கிலீஷுக்குத்தான் ஒரு ஆளத் தேடிக்கினு கீறேன். உங்களுக்கு வருமா?"

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். விக்டோரியா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவரும் சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றால் வரும் என்றார்.